வாசிப்பும் வழிப்பயணமும்

ஜொகூர் மாநிலத்தின் நடுவில் அமைந்துள்ள குளுவாங் நகருக்கு அணித்தே, முன்பு கித்தாத் தோட்டமாக இருந்து பின்னாளில் செம்பனைத் தோட்டமாக மாறிய ஓரிடத்தில், நெடுங்காலம் கிராணியாகப் பணிபுரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றபின் நகரின் ஓரத்தில் ஒரு சிறு வீட்டில் குடியேறினார். தந்தையார் விட்டுச்சென்ற சொத்து என்று சொல்லத்தக்கது அவரிடம் ஒன்றே இருந்தது. அது ஒரு தமிழ் வேதாகமம். தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 'ரஜுலா' கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது, வேட்டியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அதன் அட்டை உரிந்திருந்தது, தையல் தளர்ந்திருந்தது, தாள்கள் பழுத்த இலையின் நிறம் அடைந்திருந்தன. பல பக்கங்களின் விளிம்பில், பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் கட்டைவிரல் பதிந்த கறை மங்கலாய்த் தெரிந்தது.

தந்தையார் அதிகம் கற்றவரல்லர். ஊர்ப்பள்ளியில் எழுத்துகளை அறிந்ததோடு அவருடைய படிப்பு முடிந்துவிட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பகலெல்லாம் மரங்களோடு போராட வேண்டும். மாலையில் குளித்து, லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் திறப்பார். விரலால் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு, வாய்விட்டு வாசிப்பார். ஒரு வசனம், மிஞ்சினால் இரண்டு; அதற்குமேல் போகமாட்டார். மறுநாள் அதே வசனத்தை வாய்க்குள் முணுமுணுத்தபடியே மரத்துக்கு மரம் நடப்பார். சில வசனங்கள் அவரிடம் ஒரு வாரம்கூடத் தங்கியிருக்கும். பள்ளியில் சரளமாகப் படிக்கக் கற்றுக்கொண்ட மகனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்றே அவர் நெடுங்காலம் நினைத்திருந்தார்.

மகனுடைய முறை வேறு. ஆண்டுக்கு ஒருமுறை வேதாகமம் முழுவதையும் முடித்துவிடும் அட்டவணை ஒன்றை அவர் வைத்திருந்தார். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள். படித்து முடித்ததும் அதிகாரத்தின் தலைப்பருகே பென்சிலால் ஒரு சிறு கோடு இடுவார். அலுவலகப் பேரேட்டில் பால் கணக்கை ஒப்பிட்டுச் சரி பார்க்கும் கிராணியின் கைப்பழக்கம் அங்கும் தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். எந்த வசனம் எந்த அதிகாரத்தில் உள்ளது என்று கேட்டால் நொடியில் சொல்லுவார். சபையில் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது.

அந்த மதிப்புக்கிடையே, எட்டு ஆண்டுகளாக அவர் தம் ஒரே மகளோடு பேசாதிருந்தார். ஜொகூர் பாருவில் வேலை பார்த்த அந்தப் பெண், தான் விரும்பிய ஒருவரை மணந்துகொண்டாள். மாப்பிள்ளை கிறித்தவரே, குணத்திலும் உழைப்பிலும் குறை காண இடமில்லை. சாதி மட்டும் வேறு. கடல் கடந்து வந்து, ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே பெரட்டில் பேர் கொடுத்து, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து உண்டபின்னும் அந்த ஒன்று மட்டும் கரையாமல் அவருக்குள் இருந்தது. திருமணத்துக்கு அவர் போகவில்லை. கடிதங்களைப் பிரிக்கவில்லை. பேத்தி பிறந்த செய்தி வந்த அன்றும், அன்றைக்குரிய நான்கு அதிகாரங்களைப் படித்து, கோடிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

இஃது ஒரு தனிமனிதரின் குறை என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. பக்தி நூல்களை வாசிக்கும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. இருபது ஆண்டுக்கும் மேலாக நாள்தோறும் திருமறையைப் படித்த ஒருவரை அந்த வாசிப்பு ஏன் தொடவில்லை? நூலில் குறையா, நோக்கில் குறையா, படித்த முறையில் குறையா?

வகுப்பறையில் வாசிப்பைக் கற்பிப்போர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. எழுத்தை ஒலிப்பது வாசிப்பின் முதற்படி. பொருளை உணர்வது அடுத்த படி. படித்த பொருளைத் தன் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பது அதற்கும் மேற்பட்ட படி. செய்தித்தாளுக்கு இரண்டாம் படி போதும். பக்தி நூலுக்கு அது போதாது. கிறித்தவத் துறவியர் இதனை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கில், உடலுழைப்புக்கு நேரம் ஒதுக்கியது போலவே திருநூல் வாசிப்புக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் கொடுக்கப்பட்டது. அதனை அவர் முதலிலிருந்து முறையாக வாசிக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவியான இரண்டாம் கீகோ, இவ்வாசிப்பை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் ஆழ்ந்திருத்தல் என்பன அப்படிகள். உணவை வாயிலிடுவது வாசிப்பு, மெல்லுவது தியானம், சுவை தேடுவது செபம், அச்சுவையில் இன்புறுவதே ஆழ்ந்திருத்தல் என்று அவர் உவமை காட்டினார். வயிறு நிறைய விழுங்கிவிட்டுப் பின்னர் நிழலில் படுத்து அசைபோடும் பசுவைத் துறவியர் இவ்வாசிப்புக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். தோட்டத்து மரங்களுக்கிடையே ஒரு வசனத்தை முணுமுணுத்தபடி நடந்த தொழிலாளி இந்நூல்களையெல்லாம் கேள்விப்பட்டவரல்லர். ஆயினும் அவர் செய்தது அதுவே.

வாசிப்பு ஒரு மனிதரின் வழியையே திருப்பிவிடும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் பல. அவற்றுள் ஒன்று இந்நாட்டோடும் தமிழோடும் நெருங்கிய தொடர்புடையது. 1521-இல் ஸ்பெயின் நாட்டுப் பம்ப்லோனா கோட்டையில் நடந்த போரில், இக்னேஷியஸ் என்னும் வீரரின் காலைப் பீரங்கிக் குண்டு சிதைத்தது. லொயோலாவில் உள்ள குடும்ப மாளிகையில் மாதக்கணக்காகப் படுத்துக்கிடந்த அவர், பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அத்தகைய நூல்கள் இல்லை. கிறிஸ்துவின் வாழ்வை விவரிக்கும் ஒரு நூலும், புனிதர் வரலாறுகளைக் கூறும் ஒரு நூலுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படிக்கத் தொடங்கினார். அப்போது அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். வீரச் செயல்களையும் சீமாட்டிகளையும் பற்றிக் கனவு காணும்போது இன்பமாக இருந்தது. கனவு கலைந்தபின் மனம் வறண்டுபோயிற்று. புனிதரைப் போல வாழ்வதை எண்ணியபோதோ, எண்ணம் நீங்கியபின்னும் மகிழ்ச்சி நீங்காமல் நின்றது. படித்தபின் மனத்தில் தங்குவது எது என்று கவனிக்கும் இப்பழக்கமே அவருடைய ஆன்மிகப் பயிற்சியின் வித்தாயிற்று.

அந்த இக்னேஷியஸ் தொடங்கிய இயேசு சபையின் முதல் உறுப்பினர்களுள் ஒருவரே புனித பிரான்சிஸ் சேவியர். 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவ மக்களுக்குத் தமிழிலேயே செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். 1545-இல் மலாக்காவில் வந்திறங்கினார். அவரைப் பின்தொடர்ந்து அதே கடற்கரையில் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். 1586-இல் புனிதர் வாழ்க்கைகளைக் கூறும் 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக வெளிவந்தது. நோயாளியின் படுக்கையருகே எந்த வகை நூல் வைக்கப்பட்டதோ, அதே வகை நூல் ஒரு தலைமுறை கடந்து தமிழ் மீனவரின் கைக்கு வந்து சேர்ந்தது. தமிழில் அச்சு நூல்களின் தொடக்கமே பக்தி வாசிப்புக்காக அமைந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இன்னொரு சான்று, அந்தப் பெரியவரின் தந்தையார் பிறந்த திருநெல்வேலிச் சீமைக்கே உரியது. இங்கிலாந்தில் ஜான் பனியன் என்பவர் பழைய பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைத்த ஏழை. அவருடைய மனைவி சீதனமாகக் கொண்டுவந்தவை இரண்டு பக்தி நூல்களே. அவ்விரண்டும் பனியனின் மனத்தில் முதல் அசைவை உண்டாக்கின. அனுமதியின்றிப் போதித்தார் என்பதற்காக 1660-இல் சிறையிலடைக்கப்பட்ட அவர், பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கழித்தார். 1678-இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பிரயாண நூல், முதுகில் பாரம் சுமந்து ஒளி நகரம் நோக்கி நடக்கும் ஒருவனின் கதை. கிறித்தவ உலகில் திருமறைக்கு அடுத்தபடியாக அதிகம் வாசிக்கப்பட்ட நூல்களுள் ஒன்றாக அது இடம் பெற்றது.

அந்நூல் தமிழ்நாட்டில் ஒரு புலவரின் உள்ளத்தில் விழுந்தது. 1827-இல் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, கம்பனில் தோய்ந்த தமிழாசிரியர். சாயர்புரத்தில் தமிழ் கற்பித்தவர். நீண்ட மனப்போராட்டத்துக்குப்பின் 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். பனியனின் கதையை அவர் மொழிபெயர்த்து வைத்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை. அதனை ஆண்டாண்டாக உள்ளத்தில் ஊறவைத்து, ஐந்து பருவங்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியமாகப் படைத்தார். அது நூலாக வெளிவந்தது 1894-இல். திருமுழுக்குக்கும் நூல் வெளியீட்டுக்கும் இடையே 36 ஆண்டுகள். பனியனின் கதையில் விரிவாக இடம் பெறாத கிறிஸ்துவின் பாடுகளை அவர் தம் காப்பியத்தில் உருகி உருகிப் பாடினார். இடையிடையே தேவாரம் என்ற பெயரால் இசைப் பாக்களையும் அமைத்தார். கம்பனிடம் கற்ற நடையும் ஆழ்வார்களிடம் கேட்ட உருக்கமும் அவரை விட்டுப் போகவில்லை. புதிய இறைவனின் திருமுன் அவற்றைக் காணிக்கையாக வைத்தார். 'கிறித்தவக் கம்பர்' என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. பனியனும் கிருஷ்ண பிள்ளையும் ஏராளமாகப் படித்ததால் மாறியவரல்லர். தாம் படித்த சிலவற்றுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்ததால் மாறினர். நூலைத் தாம் அளந்தது போலவே, நூல் தம்மை அளக்கவும் இடங்கொடுத்தனர்.

குளுவாங் பெரியவருக்கு அந்த நாள் எதிர்பாராத வழியில் வந்தது. இரு கண்களிலும் புரை விழுந்தது. அறுவைச் சிகிச்சைக்குச் சில மாதம் காத்திருக்க நேர்ந்தது. அவருடைய சொந்த வேதாகமத்தின் பொடி எழுத்துகள் தெரியவில்லை. தந்தையாரின் புத்தகத்தில் எழுத்து சற்றுப் பெரிது. ஆகவே அலமாரியிலிருந்து அதனை எடுத்து, பூதக்கண்ணாடி ஒன்றின் உதவியோடு வாசிக்க முற்பட்டார். கண்ணாடிக்குள் ஒரு நேரத்தில் இரண்டு அல்லது மூன்று சொற்களே தெரிந்தன. நான்கு அதிகாரம் படித்தவர் நாளுக்கு நான்கு வரி படித்தார். முதலில் எரிச்சல் வந்தது. அட்டவணை குலைந்துபோனதில் வருத்தம் வந்தது. கோடிட வழியில்லாமல் பென்சில் மேசைமேல் கிடந்தது.

அந்த நிலையில் லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தார். கெட்டுப்போன இளைய குமாரனின் கதை அவருக்கு மனப்பாடம். ஞாயிறு வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆயினும் கண்ணாடிக்குள் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தபோது, மகன் இன்னும் தூரத்தில் வருகையிலேயே தகப்பன் அவனைக் கண்டுகொண்டான் என்ற இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. தொலைவில் வருபவனைத் தற்செயலாகக் காண முடியுமா? வீட்டுக்குள் இருந்தவனால் கண்டிருக்க முடியாது. அந்தத் தகப்பன் நாள்தோறும் வாசலுக்கு வந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இந்த எண்ணம் தோன்றியதும் அவரால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. மறுநாளும் அதே இடம். மூன்று வாரம் அவர் அந்த ஒரு வசனத்தைக் கடக்கவில்லை.

ஒரு மாலையில் தம் பழைய வேதாகமத்தையும் எடுத்துவந்து, அதே பக்கத்தை விரித்து, தந்தையாரின் புத்தகத்துக்கு அருகே வைத்தார். அதிகாரத் தலைப்பருகே இட்டிருந்த கோடுகளைக் கண்ணாடி கொண்டு எண்ணினார். இருபத்திரண்டு. அவற்றுள் எட்டு, மகள் வீட்டைவிட்டுப் போனபின் இடப்பட்டவை. தந்தையாரின் பக்கத்தில் கோடு ஒன்றுமில்லை. விரல் பட்டுத் தேய்ந்த விளிம்பு மட்டும் இருந்தது. அன்றிரவு அவர் உண்ணவில்லை என்று அவர் மனைவி பின்னாளில் சொல்வதுண்டு.

அடுத்த வாரம் ரயிலேறி ஜொகூர் பாருவுக்குப் போனார். கண் சரியாகத் தெரியாததால் மனைவி கைபிடித்து அழைத்துச் சென்றார். கதவைத் திறந்த மகள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் தம் மனத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னார். அந்தக் கதையில் வரும் தகப்பனைப் போலத் தாம் இருந்திருக்க வேண்டும் என்றும், இப்போதாவது மன்னிக்க வந்திருப்பதாகவும் கூறினார்.

மகள் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, அந்தக் கதையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தாம். அதில் வீட்டைவிட்டுத் தூரமாய்ப் போனவன் திரும்பி வந்தான். இங்கே யார் போனது, யார் திரும்பி வந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள்."

அவர் பதில் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்த மருமகன் அவரைக் கண்டு தயங்கி வாசலில் நின்றார். பெரியவர் எழுந்து, தடவித் தடவி நடந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டார். "என்னை மன்னித்துவிடுங்கள், தம்பி" என்று மட்டும் சொன்னார். மன்னிக்க வந்தவர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார். ஊருக்கு வந்தபின் அந்த அதிகாரத்தின் எஞ்சிய பகுதியையும் கண்ணாடி வைத்துப் படித்தார். விருந்துக்கு உள்ளே வர மனமின்றி வெளியே நின்ற மூத்த மகனைப் பற்றிய பகுதி அது. ஒழுங்கு தவறாதவன், எல்லாக் கட்டளைகளையும் கைக்கொண்டவன், தம்பியை ஏற்க மட்டும் மாட்டாதவன். இருபத்திரண்டு முறை படித்த கதையில் தம் இடம் எது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று.

பக்தி வாசிப்பு ஆன்மிக வாழ்வை ஆழப்படுத்துகிறது என்று சொல்வதன் பொருள் இதுவே. அது மனத்துக்கு ஆறுதல் தரும்; அறிவைப் பெருக்கும்; செபத்துக்குச் சொல் தரும். இவையெல்லாம் மெய்யே. ஆனால் படிப்பவர் தாம் மறைத்து வைத்திருக்கும் அறையின் கதவை அது ஒருநாள் தட்டும். அப்போது புத்தகத்தை மூடிவிடாமல் இருப்பவரே பயணத்தில் ஓரடி முன்னேறுகிறார். இதற்குப் பெரும் புலமை தேவையில்லை. குறைவாகப் படித்தல், மெதுவாகப் படித்தல், கூடுமானால் வாய்விட்டுப் படித்தல், படித்ததைப் பகலிலும் சுமந்து திரிதல், அது காட்டும் ஒரு செயலைத் தள்ளிப்போடாது செய்தல் ஆகிய இவை எவருக்கும் இயலும். தனியே படிப்பதோடு பிறரோடு சேர்ந்தும் படிக்க வேண்டும். மகள் சொன்ன ஒரு சொல் இல்லாதிருந்தால், அக்கதையின் தகப்பனாகத் தம்மை எண்ணிக்கொண்டே அவர் பெருமையோடு ஊர் திரும்பியிருப்பார்.

கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அட்டவணைப்படி படிக்கப் பார்வை இடங்கொடுத்தும், அவர் மறுபடி அட்டவணையைத் தொடவில்லை. பள்ளி விடுமுறைகளில் பேத்தி அவரிடம் வரத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கொள்ளுத் தாத்தாவின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அச்சிறுமி, "தாத்தா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. கப்பலில் வந்த புத்தகம் மூன்றாம் தலைமுறையைத் தாண்டி வெறும் தாளாகிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு உண்டாயிற்று.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாய் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார்; 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தமிழரிடம் தந்தார். அந்நிய நாட்டார் ஒருவர் மணலில் விரல் வைத்துத் தேடிப் பெற்ற செல்வத்தை, அம்மொழிக்குரிய வீட்டுப் பிள்ளை இழந்து நிற்பது முறையாகுமா? பெரியவர் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பினார். பேத்தியின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தார்.

இரண்டு ஆண்டு விடுமுறைகள் கழிந்தன. ஒரு மாலையில் அச்சிறுமி பழைய புத்தகத்தை மடியில் வைத்து, விரலால் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு, ஒரு வசனத்தை வாய்விட்டுப் படித்தாள். நடுவில் இரண்டிடத்தில் தடுக்கினாள். தாத்தா திருத்தவில்லை. அவள் விரல் இருந்த இடத்தில், விளிம்பில், பழைய பால் கறை இருந்தது. "ஒரு வசனம் போதும் அம்மா. நாளைக்கும் இதையே படிப்போம்" என்றார் அவர்.